ஆஃபலி கவுண்டியின் பழைய துறவி மடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்துக்கு நட்டநடுவுல இருக்குற கவுண்டி ஆஃபலி. டூர் பஸ் எல்லாம் க்ளான்மக்நாய்ஸ்ங்குற பழைய மடத்துல நிக்கும், எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, ஒரு மணி நேரத்துல கால்வே பக்கம் கிளம்பிடுவாங்க. மீதி இருக்குற மடங்கள் எல்லாம் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னாடியும், சின்னச் சின்ன பங்குக் கோயில்கள்லயும், பாதி இடிஞ்ச சுவராவும் அப்படியே கிடக்கு. அதையெல்லாம் பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு இங்க ஒரே இடத்துல பதில் எழுதி வெச்சிருக்கேன்.

ஒரு சின்ன கவுண்டில எதுக்கு இவ்வளவு மடங்கள்? துறவிங்க ஆள் அரவம் இல்லாத இடம் தேடி வந்தாங்களா?

கெர்ரி பக்கம் கடல் பாறை மேல போய் உக்காந்தவங்களுக்கு அது பொருந்தும். ஆஃபலிக்குப் பொருந்தாது, இங்க மடம் கட்டுனவங்க ரோட்டோரத்துல வந்து கட்டினாங்க. மேப்ப எடுத்துப் பாருங்க, மேற்கு எல்லையா ஷானன் ஆறு, தென்கிழக்குல ஸ்லீவ் ப்ளூம் மலை, நடுவுல பூரா சதுப்பு நிலம், அங்க பாக்னு சொல்லுவாங்க, கால் வெச்சா உள்ள இழுத்துரும். அந்தச் சதுப்புக்கு நடுவுல பனிப்பாறைகள் உருகிப் போனப்போ விட்டுட்டுப் போன சரளைக்கல் மேடுகள் நீளமா ஓடுது, அதுக்குப் பேரு எஸ்கர். காய்ஞ்ச தரைன்னா அது ஒண்ணுதான், அதனால கிழக்குல இருந்து மேற்கு வரைக்கும் நாட்டையே குறுக்கா வெட்டிப் போற பழைய பெருவழி அந்த மேட்டு மேலயே போச்சு. அது ஷானன் ஆத்தத் தொடுற இடத்துலதான் க்ளான்மக்நாய்ஸ் இருக்கு. அந்தக் காலத்துக்கு அது ஒரு பெரிய ஜங்ஷன்.

இன்னொரு காரணமும் இருக்கு. மீத், மன்ஸ்டர், கானக்ட், லைன்ஸ்டர்னு பழைய ராஜ்ஜியங்களோட எல்லையெல்லாம் இந்தப் பக்கத்துலதான் உரசுது. எல்லையில ஒரு பெரிய மடம் நம்ம பக்கம் இருக்கணும்னு ஒவ்வொரு ராஜாவும் நெனச்சான், நிலம் குடுத்தான், சிலுவை நட்டான், செத்தா அங்கயே புதைக்கச் சொன்னான்.

மடம்னா நாலு சுவருக்குள்ள கல் கட்டடம், நடுவுல தோட்டம், அப்படியா?

அது 12-ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல இருந்து வந்த சபைகளோட பாணி. அதுக்கு முன்னாடி இருந்தது முழுக்க வேற. வட்டமா ஒரு மண் கரை, அதுக்குள்ள மரத்துலயும் மண்ணுலயும் கட்டின குடிசைகள், சின்னச் சின்னதா பல கோயில், கொல்லன் பட்டறை, வெண்கலம் வார்க்குற இடம், சீப்பு செதுக்குறவங்க, மாடு அடைக்குற பட்டி. மடத்து நிலத்துல குடியானவங்க பொண்டாட்டி புள்ளைங்களோட இருந்தாங்க, விளைச்சல்ல ஒரு பங்க மடத்துக்குக் குடுத்தாங்க. மடாதிபதி பதவி பல இடத்துல ஒரே குடும்பத்துக்குள்ள சுத்திச்சு. படிப்பும் ஜெபமும் உண்டு, அது கூடவே கிட்டத்தட்ட ஒரு டவுனுக்கு உண்டான எல்லாமும் உண்டு. இத மனசுல வெச்சுக்கிட்டாதான் கீழ வர்ற சண்டை சச்சரவெல்லாம் புரியும்.

க்ளான்மக்நாய்ஸ ஆரம்பிச்சது யாரு?

கீரான்னு ஒருத்தர், தச்சரோட மகன். பெரிய ராஜ குடும்பத்துல பிறந்த புனிதர்கள் நிறைய இருந்த காலத்துல இவர் கைத்தொழில்காரர் வீட்டுப் புள்ள. வழக்கமா 544-ன்னு வருஷம் சொல்லுவாங்க. டியர்மைட் மாக் கெர்பல்னு ஒரு இளவரசன் அப்போ தலைமறைவா இருந்தான், முதல் கோயிலோட முதல் கம்பத்த நட கீரானுக்கு அவன் கை குடுத்தான்னும், அதுக்கப்புறம் அவன் நாட்டுக்கே பேரரசன் ஆனான்னும் கதை. கீரான் அதுக்கப்புறம் ஒரு வருஷம் கூட உயிரோட இல்ல, முப்பது வயசுக்குக் கொஞ்சம் மேல, கொள்ளை நோய்ல போயிட்டார். ஆனா மடம் ஆயிரம் வருஷம் நின்னுச்சு. அவரைப் புதைச்சதா சொல்ற டெம்பிள் கீரான் அங்க இருக்குற கோயில்கள்லயே ரொம்பக் குட்டி. சுத்துவட்டார விவசாயிங்க அங்கருந்து ஒரு பிடி மண்ண எடுத்துட்டுப் போய் பயிரும் மாடும் நல்லா இருக்கணும்னு வயல்ல போடுவாங்க, தலைமுறை தலைமுறையா எடுத்து எடுத்து உள்ள தரையே பள்ளமாயிடுச்சு.

க்ளான்மக்நாய்ஸ்ல எதப் பார்க்காம வரக்கூடாது?

முதல்ல வேதாகமச் சிலுவை. நாலு மீட்டர் உயரம், மணற்கல், கி.பி. 900 வாக்குல செதுக்கினது. வெளிய புல்வெளில நிக்கறது நகல், ஒரிஜினல மழையும் காத்தும் தின்னுரும்னு விசிட்டர் சென்டருக்குள்ள கொண்டுபோய் வெச்சுட்டாங்க, அதனால உள்ள போய் நிதானமா நின்னு பாருங்க. மேற்குப் பக்கம் சிலுவையில அறையப்பட்ட இயேசு, கிழக்குப் பக்கம் கடைசித் தீர்ப்பு. அதோட நிக்காம மேற்குப் பக்கம் அடியில இருக்குற சின்னப் பலகைய குனிஞ்சு பாருங்க, கல்லறைக்குக் காவல் இருந்த சிப்பாய்ங்க ஈட்டியப் பிடிச்சுக்கிட்டே தலை தொங்கித் தூங்குறாங்க, அவங்களுக்குக் கீழ துணி சுத்தின உடல், ஒரு பறவை வந்து அதோட வாயில அலகை வெச்சு மூச்சு ஊதுது. இவ்வளவும் ரெண்டு கை அகலம் கூட இல்லாத இடத்துல. கிழக்குப் பக்கம் அடியில ரெண்டு பேர் ஒரு கம்பத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, அது கீரானும் டியர்மைட்டும்னு பலபேர் சொல்றாங்க. அடியில தேய்ஞ்சு போன எழுத்துல ஃப்ளான் ராஜாவுக்காகவும், இத செஞ்ச கோல்மானுக்காகவும் ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டிருக்கு. இதே ரெண்டு பேரும் சேர்ந்துதான் 909-ல அங்க இருக்குற பெரிய கல் கோயிலையும் கட்டினாங்க.

அந்தக் கோயிலோட வடக்கு வாசல் 15-ம் நூற்றாண்டு வேலை, மேல டொமினிக், பேட்ரிக், ஃபிரான்சிஸ் மூணு பேரும் நிக்கறாங்க. இதுக்கு ரகசிய வாசல்னே பேரு. வாசல் நிலையோட ஒரு பக்கம் கல் வளைவுல வாய வெச்சு மெதுவாப் பேசினா அந்தக் கடைசில காது வெச்சிருக்கவங்களுக்குத் தெளிவா கேக்கும், பக்கத்துல நிக்கறவங்களுக்குக் கேக்காது. தொழுநோயாளிங்க இப்படித்தான் தள்ளி நின்னு பாவமன்னிப்பு கேட்டாங்கன்னு சொல்லுவாங்க. ரெண்டு பேரா போனா கண்டிப்பா செஞ்சு பாருங்க.

ரவுண்ட் டவர், அதாவது உருண்டையான உயரக் கல் கோபுரம், 1124-ல முடிஞ்சுது, 1135-ல இடி விழுந்து தலை போச்சு. விழுந்த கல்ல எடுத்துத்தான் அந்தாண்ட இருக்குற டெம்பிள் ஃபின்கின்ங்குற கோயிலோட குட்டி டவர கட்டினாங்கன்னு சொல்றாங்க. அப்புறம் கல்லறைப் பலகைகள், 700-க்கு மேல, ஐரோப்பாவுல இந்த வகையில இவ்வளவு பெரிய தொகுப்பு வேற கிடையாது. ஒரு சிலுவை, ஒரு பேரு, இன்னாருக்காக ஒரு ஜெபம்னு ஒரு வரி, அவ்வளவுதான். கடைசிப் பேரரசன் ரோரி ஓ'கானரையும் 1198-ல இங்கதான் கொண்டுவந்து அப்பா பக்கத்துல புதைச்சாங்க.

ஆத்துக்கு அடியிலயும் ஒண்ணு இருக்கு, பார்க்க முடியாது. 1990-கள்ல டைவர்கள் ஷானன் படுகையில ஓக் மரக் கம்பங்களா வரிசையா கண்டுபிடிச்சாங்க, மரத்தோட வளைய எண்ணிப் பார்த்தா 804-ல வெட்டினதுன்னு வந்துச்சு. அந்தக் காலத்துலயே அவ்வளவு அகலமான ஆத்துக்கு மரப்பாலம் போட்டிருக்காங்க.

இதெல்லாம் வைக்கிங்குகள்தானே அழிச்சாங்க?

வந்தாங்க, கொள்ளையடிச்சாங்க, தீ வெச்சாங்க. 840-கள்ல துர்கெஸ்னு ஒரு வைக்கிங் தலைவனோட மனைவி ஓட்டா, க்ளான்மக்நாய்ஸ் பலிபீடத்துல ஏறி உக்காந்து குறி சொன்னான்னு பழைய நூல் ஒண்ணு சொல்லுது. ஆனா எல்லாப் பழியையும் வைக்கிங் தலையில போடுறது தப்பு. அவங்க வர்றதுக்கு முன்னாடியே மடங்கள் தங்களுக்குள்ளயே அடிச்சுக்கிச்சு. 760-ல க்ளான்மக்நாய்ஸுக்கும் கவுண்டி தெற்குல இருக்குற பர் மடத்துக்கும் சண்டை, 764-ல க்ளான்மக்நாய்ஸுக்கும் டரோ மடத்துக்கும் சண்டை, அதுல டரோ பக்கம் 200 பேர் செத்தாங்கன்னு ஆண்டுக்குறிப்பு. ஜெபம் பண்றவங்க கத்தியத் தூக்கினாங்களான்னு அதிர்ச்சியா இருக்கும், மடத்து நிலத்துல ஆயிரக்கணக்குல குடியானவங்க இருந்தாங்கன்னு மேல சொன்னேன் பாருங்க, படை அங்கருந்துதான் வந்துச்சு.

காஷல் ராஜா ஃபெலிமிட் இன்னும் மோசம். அவனே ஒரு மதகுரு, 833-ல கோயில் வாசல் வரைக்கும் எரிச்சான். 847-ல அவன் வயித்து வலியில செத்தப்போ, கீரான் கனவுல வந்து கோலால குத்தினதுதான் காரணம்னு துறவிங்க எழுதி வெச்சாங்க. கடைசி அடி 1552-ல, ஆத்லோன்ல இருந்த ஆங்கிலேயப் படை வந்து மணி, சிலை, பீடம், புத்தகம், மணிக்கல், கடைசில ஜன்னல் கண்ணாடி வரைக்கும் ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போச்சு. அதுக்கப்புறம் அங்க மடம் எழுந்திருக்கவே இல்ல.

கன்னியர் கோயில்னு ஒண்ணு தனியா இருக்காமே, அது எங்க?

மெயின் வளாகத்துல இருந்து கிழக்க, பழைய யாத்திரைப் பாதையில ஒரு பத்து நிமிஷ நடை. பஸ்ல வர்றவங்க தொண்ணூறு சதவீதம் இதப் பார்க்காமயே போயிடுறாங்க, அதுல எனக்கு நிஜமாவே வருத்தம், ஏன்னா கவுண்டிலயே அழகான கல்வேலை இதுதான்னு நான் சொல்லுவேன். வாசல் வளைவு பூரா வளைஞ்சு வளைஞ்சு போற கோடு, அதக் கவ்விப் பிடிச்ச மிருகத் தலைங்க. 1167-ல இத முடிச்சுக் குடுத்தது டெர்வொர்கில்லா, ப்ரெஃப்னி ராஜா டைகர்னன் ஓ'ரூர்க்கோட மனைவி. 1152-ல லைன்ஸ்டர் ராஜா டியர்மைட் மக்மரோ இவங்கள தூக்கிட்டுப் போனான், இல்ல இவங்களே கூடப் போனாங்க, ரெண்டு விதமாவும் சொல்றாங்க. அந்தப் பகை புகைஞ்சுக்கிட்டே இருந்து 1166-ல மக்மரோவ நாட்ட விட்டுத் துரத்தினாங்க, அவன் போய் நார்மன்காரங்கள உதவிக்குக் கூப்பிட்டான், 1169-ல அவங்க வந்து இறங்கினாங்க. அயர்லாந்து சரித்திரத்துல எல்லாப் பழியும் இந்த ஒரு பொம்பள மேல போட்டுட்டாங்க. அவங்க கட்டின கோயில் இன்னும் நிக்குது, அவங்க 1193-ல மெல்லிஃபோன்ட் மடத்துல கண் மூடினாங்க.

டரோ புத்தகம், பழுப்பு மாட்டுப் புத்தகம், இதெல்லாம் இங்க எழுதினதா? இப்போ எங்க இருக்கு?

பழுப்பு மாட்டுப் புத்தகம் க்ளான்மக்நாய்ஸ்ல 1100 வாக்குல எழுதினது. முழுக்க ஐரிஷ் மொழியில இருக்குறதுல இன்னைக்கு மிஞ்சின மிகப் பழைய கையெழுத்துப் புத்தகம் இதுதான். கீரான் வளர்த்த மாட்டோட தோல்ல எழுதினதுன்னு பேரு வந்துச்சு, உண்மையில கன்னுக்குட்டித் தோல். எழுதினவங்கள்ல ஒருத்தர் மெய்ல் முய்ரி, 1106-ல கொள்ளைக்காரங்க வந்தப்போ அந்தக் கல் கோயிலுக்குள்ளயே அவரக் கொன்னுட்டாங்க. இப்போ அந்தப் புத்தகம் டப்ளின்ல ராயல் ஐரிஷ் அகாடமில இருக்கு.

டரோ மடம் கொலம்பாங்குற புனிதர் ஆரம்பிச்சது, 6-ம் நூற்றாண்டு, டல்லமோர் டவுனுக்கு வடக்க. டரோ புத்தகம் 700 வாக்குல செஞ்ச நற்செய்தி நூல், எங்க எழுதினாங்கன்னு அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க, ஆனா ஃப்ளான் ராஜா இதுக்கு ஒரு உலோகப் பேழை செஞ்சு குடுத்தாரு, அவர் செத்தது 916-ல, அதனால அதுக்கு முன்னாடியே டரோவுல இருந்துச்சுன்னு உறுதி. மடம் போனதுக்கப்புறம் இது உள்ளூர்க்காரர் ஒருத்தர் கையில இருந்துச்சு. அவர் மாடுகளுக்கு சீக்கு வந்தா புத்தகத்து மேல தண்ணி ஊத்தி அந்தத் தண்ணிய மாட்டுக்குக் குடுப்பார். 17-ம் நூற்றாண்டுல கானல் மெகேகன்னு ஒரு அறிஞர் இதக் கண்ணால பார்த்து எழுதி வெச்சிருக்காரு, மாடு பொழச்சுதுன்னும் எழுதியிருக்காரு. படிக்கும்போது நெஞ்சு பதறும், ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த மனுஷன் அத புனிதப் பொருளா மதிச்சதாலதான் அது அடுப்புக்குப் போகாம தப்பிச்சு இன்னைக்கு டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல இருக்கு. பேழைதான் தொலைஞ்சு போச்சு.

மூணாவது பர் மடத்தோடது. மக்ரெகோல்னு ஒரு மடாதிபதி எழுதின நற்செய்தி நூல், அவர் 822-ல இறந்தாரு. கடைசிப் பக்கத்துல தன் பேர எழுதி எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டிருக்காரு. அது எப்படியோ இங்கிலாந்து போய், 10-ம் நூற்றாண்டுல ஃபார்மன், ஓவுன்னு ரெண்டு பேர் லத்தீன் வரிகளுக்கு நடுவுல பழைய ஆங்கிலத்துல அர்த்தம் எழுதினாங்க. இப்போ ஆக்ஸ்ஃபோர்ட் பாட்லியன் நூலகத்துல இருக்கு. பர் டவுன் லைப்ரரில ஒரு நகல் பார்க்கலாம். அந்த லைப்ரரியே ஒரு பழைய கான்வென்ட் கட்டடம்.

பர் பக்கத்துலயே, கவுண்டி எல்லைக்கு அந்தாண்ட டிப்பரேரில ஃபாடன் மோர்ங்குற சதுப்புல 2006-ல மெஷின் வெச்சு பீட், அதாவது எரிக்குறதுக்கான சதுப்பு மண்ணு, வெட்டிக்கிட்டு இருந்தவர் ஒரு தோல் அட்டைப் புத்தகத்தப் பார்த்தாரு, 800 வாக்குல எழுதின சங்கீதப் புத்தகம். அவர் உடனே ஈரம் காயாம சேத்த வெச்சு மூடி வெச்சதாலதான் அது பொழச்சுது. அட்டைக்கு உள்பக்கம் எகிப்துல இருந்து வந்த பாப்பிரஸ் இருந்துச்சுன்னா நம்புவீங்களா! இப்போ டப்ளின் தேசிய மியூசியத்துல இருக்கு.

டரோவுக்கு நேர்ல போனா என்ன இருக்கு?

9-ம் நூற்றாண்டு உயர்ந்த சிலுவை ஒண்ணு, இப்போ பக்கத்துல இருக்குற சின்னக் கோயிலுக்குள்ள பத்திரமா நிக்குது. சில கல்லறைப் பலகைகள், ஒரு புனிதக் கிணறு. 1186-ல நார்மன் பிரபு ஹ்யூ டி லேசி மடத்து நிலத்துலயே கோட்டை கட்ட வந்தப்போ, குனிஞ்சு வேலையப் பார்த்துக்கிட்டு இருந்தவர ஒரு உள்ளூர் இளைஞன் கோடாலியால ஒரே வெட்டு வெட்டிட்டு காட்டுக்குள்ள ஓடிட்டான். கொலம்பாவோட நிலத்துல கை வெச்சதுக்குக் கிடைச்சதுன்னு அந்தக் காலத்துல பேசிக்கிட்டாங்க.

பர்ல பொம்பளைங்களுக்காக ஒரு சட்டம் போட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம். 697-ல ஸ்காட்லாந்து பக்கம் இருக்குற அயோனா தீவு மடத்தோட மடாதிபதி அடம்னான் பர்ல ஒரு பெரிய கூட்டம் கூட்டினாரு. பொண்ணுங்க, குழந்தைங்க, மதகுருக்கள், அதாவது ஆயுதம் எடுக்காதவங்கள போர்ல கொல்லக்கூடாது, பொண்ணுங்கள படைக்கு இழுக்கக்கூடாது, மீறினா தண்டமும் தண்டனையும் உண்டுன்னு சட்டம். 91 பேர் ஜாமீன் நின்னதா பேர்ப்பட்டியல் இருக்கு, ராஜாக்கள், ஆயர்கள், மடாதிபதிகள். ஜெனீவா ஒப்பந்தத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல முன்னாடி, இந்தச் சின்ன ஊர்ல! மடங்கள் அடிச்சுக்கிட்ட கதையையும் சொல்லிட்டு இதையும் சொல்றேன், ரெண்டும் அதே மண்ணுலதான் நடந்துச்சு.

மியூசியத்துக்குப் போகாம ஊர்லயே இருக்குற பழைய பொருள் ஏதாவது உண்டா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். போஹர்னு ஒரு கிராமம், பாலிகம்பர் பக்கத்துல. அங்க இருக்குற சாதாரண பங்குக் கோயிலுக்குள்ள, கண்ணாடிப் பெட்டிக்குள்ள புனித மஞ்சனோட திருப்பண்டப் பேழை இருக்கு. 12-ம் நூற்றாண்டு. கூரை வீடு மாதிரி சரிஞ்ச ரெண்டு பக்கம், உள்ள யூ மரப் பலகை, மேல தங்கமுலாம் பூசின வெண்கலம். ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு பெரிய சிலுவை, அதுல அஞ்சு குமிழ், குமிழ் முழுக்க ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கிடக்குற மிருகங்க, ஒரு கோட்டப் பிடிச்சு கண்ணால போய்க்கிட்டே இருந்தா எங்க வால் முடியுது எங்க கால் ஆரம்பிக்குதுன்னே தெரியாது. நாலு மூலையிலயும் வளையம், கம்பு சொருகி தோள்ல தூக்கிட்டுப் போக. சிலுவைக்குக் கீழ வரிசையா சின்ன மனுஷ உருவங்க, இடுப்புல மடிப்பு வெச்ச துணி, ஒவ்வொருத்தர் தாடியும் ஒவ்வொரு விதம். முன்னாடி இந்த உருவங்க கிட்டத்தட்ட 50 இருந்திருக்கும்னு கணக்கு, இப்போ கொஞ்சம்தான் மிச்சம். உள்ள இன்னும் எலும்பு இருக்கு.

இது எப்படி இங்கயே இருக்கு? மஞ்சனோட மடம் பக்கத்துலயே லெமனகன்ல இருந்துச்சு. அவர் 660-கள்ல பெரிய கொள்ளை நோய்ல இறந்தாரு. மடம் அழிஞ்சப்புறம் பேழைய ஊர்க்காரங்க மறைச்சு வெச்சாங்க, வீட்டுல வெச்சுக் காப்பாத்தினாங்க, கடைசில ஊர்க் கோயிலுக்குக் கொண்டுவந்தாங்க. 2012-ல திருடங்க வந்து தூக்கிட்டே போயிட்டாங்க, போலீஸ் ரொம்ப சீக்கிரமே மீட்டுக் குடுத்துட்டாங்க. அப்புறமும் மியூசியத்துக்கு அனுப்பல, திரும்ப போஹர்லயே வெச்சாங்க. மியூசியத்துல வெச்சாதான் பத்திரம்னு பேசறவங்க வாதம் எனக்குப் புரியுது, ஆனாலும் எண்ணூறு வருஷத்துக்கு மேல எந்த ஊர் மக்கள் காப்பாத்தினாங்களோ அங்கயே இருக்கணும்னுதான் நான் சொல்லுவேன்.

லெமனகனுக்கும் போங்க, ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான். இடிஞ்ச கோயில், கிணறு, அங்கருந்து கல் பாவின ஒரு பாதை போய் மஞ்சனோட அம்மா மெல்லா தங்கியிருந்த ஒத்தை அறைல முடியும். மஞ்சன்கிட்ட ஒரு அதிசய மாடு இருந்துச்சாம், கேக்கறவங்களுக்கெல்லாம் காசு வாங்காம பால் குடுப்பாராம். அதனால லெமனகன் பக்கம் ரொம்ப காலம் வரைக்கும் யாரும் பால விக்க மாட்டாங்க, கேட்டா சும்மா குடுப்பாங்க.

சீர்கீரன், ரஹான் இதெல்லாம் போற அளவுக்கு இருக்கா?

சீர்கீரன் மடத்த ஆரம்பிச்சது வேற கீரான், இவர் வயசுல மூத்தவர். இவரோட முதல் சீடர்களே காட்டு மிருகங்கதான்னு கதை, முதல்ல காட்டுப்பன்னி வந்து பல்லால குச்சி கடிச்சுக் குடிசை கட்டக் குடுத்துச்சு, அப்புறம் நரி, பேட்ஜர், ஓநாய், மான். நரி புத்தி மாறாம குருவோட செருப்ப தூக்கிட்டு ஓடிடுச்சு, பேட்ஜர் போய் புத்தி சொல்லி இழுத்துட்டு வந்துச்சு, நரி உபவாசம் இருந்து மன்னிப்பு கேட்டுச்சு. ஆஸரி நாட்டு ராஜாக்கள புதைச்ச இடம் இது. இன்னைக்கு மண் கரையும் கொஞ்சம் கல்லும்தான், பக்கத்துல க்ளாரீன் ரோட்டு நடுவுல ஒரு முள்செடி நிக்கும், அத வெட்ட மனசில்லாம ரோடு ரெண்டு பக்கமா பிரிஞ்சு போகுது, மக்கள் துணி கட்டி வெச்சிருப்பாங்க.

ரஹான்ல 12-ம் நூற்றாண்டு கோயில்ல வட்டமா ஒரு ஜன்னல், ரொம்ப அபூர்வம். கார்த்தக்னு ஒரு புனிதர் ஆரம்பிச்ச மடம், 630-கள்ல மத்த மடத்துக்காரங்க சேர்ந்து அவர வெளிய துரத்தினாங்க, அவர் தெற்க போய் லிஸ்மோர்ல இன்னும் பெரிய மடம் கட்டினாரு.

கில்லீல 2700 பேருக்கு விருந்து வெச்ச அம்மா யாரு?

மார்கரெட் ஓ'கேரல், ஓ'கானர் ஃபேலி தலைவரோட மனைவி. 1433-ல பஞ்சம். மார்ச் 26, கில்லீ மடத்தோட புனிதர் சின்கெல் திருநாள், அன்னைக்கு நாட்டுல இருந்த புலவர்கள், இசைக்காரங்க, படிச்சவங்க எல்லாரையும் கூப்பிட்டாங்க. பேரு ஒவ்வொண்ணா புத்தகத்துல பதிஞ்சு வந்தது 2700. அந்தம்மா பொன்னாடை போட்டு கோயில் மாடத்துல நின்னாங்க, பீடத்துல ரெண்டு தங்கக் கிண்ணம் வெச்சாங்க, ரெண்டு அனாதைக் குழந்தைங்கள வளர்க்க எடுத்துக்கிட்டாங்க. வீட்டுக்காரர் வெளிய குதிரை மேல உக்காந்து ஒருத்தர் விடாம எல்லாருக்கும் கிடைக்குதான்னு பார்த்துக்கிட்டாரு. அதே வருஷம் ரதாங்கன்ல இன்னொரு விருந்து. 1445-ல ஸ்பெயின்ல சந்தியாகோவுக்கு யாத்திரை போயிட்டு வந்தாங்க, 1451-ல மார்பகப் புற்றுநோய்ல இறந்தாங்க. கில்லீல இப்போ பார்க்க பெருசா ஒண்ணும் இல்ல. 1530-களோட கடைசில ஆங்கிலேய ஆளுநர் லார்ட் கிரேயோட படை வந்து ஆர்கனையும் கண்ணாடியையும் கழட்டி மேனூத்துக்கு எடுத்துட்டுப் போயிடுச்சு.

இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி மடங்கள மூடினப்போ எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சுதா?

இல்ல. ஆஃபலி அப்போ ஐரிஷ் தலைவர்கள் கையில இருந்துச்சு, அதனால லண்டன்ல போட்ட உத்தரவு இங்க இழுத்து இழுத்துத்தான் நடந்துச்சு. 1550-கள்ல மேரி ராணி காலத்துல இந்தப் பகுதிய கிங்ஸ் கவுண்டின்னு ஆக்கினாங்க, அந்த கிங் அவங்க வீட்டுக்காரர் ஸ்பெயின் ஃபிலிப். சுதந்திரம் வந்தப்புறம்தான் பழைய பேரு திரும்ப வந்துச்சு.

கில்கார்மக்ல கார்மலைட் மடம் ஒண்ணு இருந்துச்சு, 1458-ல அதுக்காக எழுதின பூசைப் புத்தகம் டிரினிட்டில இருக்கு. அந்த ஊர்க் கோயில்ல ஒரு மரச் சிலை, மடியில மகன வெச்சிருக்குற மாதா. ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லோட படை வருதுன்னு தெரிஞ்சதும் ஊர்ப் பொம்பளைங்க ராவோட ராவா தூக்கிட்டுப் போய் சதுப்புல புதைச்சுட்டாங்க, அறுபது வருஷம் கழிச்சு, இடம் தெரிஞ்ச கடைசி ஆள் சாகுற நேரத்துல காட்டிக் குடுத்து தோண்டி எடுத்தாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. மரம் ஒண்ணும் ஆகல, சதுப்பு அப்படித்தான் காக்கும்.

இப்போ யாராவது துறவிங்க இருக்காங்களா?

19-ம் நூற்றாண்டுல புதுசா வந்தாங்க. ஜெஸ்யூட்கள் 1818-ல ரஹான் பக்கத்துல டல்லபெக்ல பள்ளி ஆரம்பிச்சாங்க. மெர்சி சிஸ்டர்ஸ் டப்ளினுக்கு வெளிய வெச்ச முதல் கான்வென்ட் 1836-ல டல்லமோர்ல. 1840 கடைசில அவங்க சபைத் தலைவி கேத்தரின் மெக்காலி அம்மா தானே பர்ருக்கு வந்தாங்க, ஏன்னா க்ராட்டின்னு ரெண்டு பாதிரியார்கள் பின்னாடி பங்கே ரெண்டா உடைஞ்சு கிடந்துச்சு. பனியில வீடு வீடா நடந்து பேசினாங்க. டல்லபெக் மூடியாச்சு, அங்க இருந்த, ஈவி ஹோன்ங்குற கலைஞர் செஞ்ச கண்ணாடி ஜன்னல்கள் இப்போ டப்ளின்ல ஜெஸ்யூட்களோட மன்ரீசா இல்லத்துல.

இன்னும் மணி அடிக்குற இடம் மவுண்ட் செயிண்ட் ஜோசஃப். ராஸ்க்ரேன்னு டிப்பரேரி ஊர் பேரச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க, ஆனா மடம் நிக்குறது ஆஃபலி எல்லைக்குள்ள. சிஸ்டர்சியன் துறவிங்க 1878-ல ஆரம்பிச்சது. வயசான துறவிங்க, புதுசா யாரும் சேர்றதில்ல, அதனால 2025 தொடக்கத்துல மவுண்ட் மெல்லரி மடத்த மூடிட்டு அங்க இருந்தவங்களும் இங்க வந்து சேர்ந்துட்டாங்க. அவங்க ஜெப நேரத்துல வெளியாளுங்களும் போய் உக்காரலாம்.

எப்படிப் போறது? ஒரு நாள் போதுமா?

டப்ளின் ஹியூஸ்டன்ல இருந்து டல்லமோர், ஆத்லோன் ரெண்டுக்கும் ரயில் இருக்கு, ஆனா அதுக்கப்புறம் கார் இல்லாம கஷ்டம். ஒரு நாள்தான்னா காலைல டரோ, அப்புறம் போஹர், லெமனகன், மதியத்துக்கு மேல க்ளான்மக்நாய்ஸ். டூர் பஸ்ஸெல்லாம் கிளம்பினப்புறம் போனா கன்னியர் கோயில்ல நீங்க மட்டும்தான் இருப்பீங்க. ரெண்டாவது நாள் கிடைச்சா தெற்க பர், சீர்கீரன், மவுண்ட் செயிண்ட் ஜோசஃப். வாட்டர்ப்ரூஃப் ஷூ கட்டாயம், எந்த மாசமா இருந்தாலும். பல இடம் தனியார் நிலத்து வழியா போகணும், கேட்ட திறந்தா மறுபடியும் மூடிட்டுப் போங்க, உள்ள மாடு இருக்கும். செப்டம்பர் 9 கீரான் திருநாள், அத ஒட்டி க்ளான்மக்நாய்ஸ்ல யாத்திரை நடக்கும், அப்போ போனா கூட்டத்தோட சேர்ந்து நடக்கலாம். போஹர்ல பூசை நடந்துக்கிட்டு இருந்தா முடியுற வரைக்கும் பின்னாடி உக்காந்திருங்க, முடிஞ்சதும் பேழையப் பத்தி கேட்டா ஊர்க்காரங்களே கூட்டிட்டுப் போய் காட்டுவாங்க.